முள்முடியைப் பின்னிய கை

மாண்பும் மாட்சியும் நிறைந்த இம்மன்றத்தின் தலைவர், எங்கள் சிகந்திராபாத் சபையின் மேய்ப்பர், அருட்திரு ஞானமுத்து ஐயரவர்களே! ஆண்டவர் வீட்டுக்கு அடித்தளமிட்டு அன்றுமுதல் இன்றுவரை காத்துவரும் மூப்பர் பெருமக்களே! லாலாகுடாப் பணிமனையில் சங்கு ஊதினால், ஓய்வுபெற்றுப் பத்தாண்டு ஆன பின்னும், படுக்கையை விட்டுத் துள்ளி எழும் ரயில்வே பெரியவர்களே! விடியுமுன் எழுந்து எங்கள் டிபன் கேரியரை நிரப்பி, எங்களையும் திருத்தப் பார்த்து, எங்கள் பிள்ளைகளையும் திருத்தப் பார்த்து, இரண்டிலும் பாதி தோற்று, ஆனாலும் சலிக்காத தாய்மார்களே! தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் தம்பி தங்கையரே! எங்கள் அழைப்பை மதித்து, நெற்றியில் நீறு துலங்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ்ச் சங்கச் செயலாளர், என் ஆருயிர் நண்பர் நாராயணஸ்வாமி அவர்களே! நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் மைக்கைத் தாழ்த்துவதற்கென்றே தவமிருக்கும் எல்லய்யா காரு! உங்கள் அனைவருக்கும் அடியேனுடைய அன்பின் ஸ்தோத்திரங்கள்.

சபைநாள் விழா நோட்டீஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதிலே என் பேச்சின் தலைப்பு என்ன? ‘சபையும் சமுதாயமும்.’ அழகான தலைப்பு. எதை வேண்டுமானாலும் பேசலாம், யாருக்கும் வலிக்காது. ஆனால் போன திங்கட்கிழமை காலையிலே ஐயர் சைக்கிளில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ‘சிலாஸ், தலைப்பை மாத்தியாச்சு. வேதத்திலே முள். அதைப் பேசும்’ என்றார். பெடலை மிதித்தார், போய்விட்டார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

ஏன் மாற்றினார்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நண்பர் நாராயணஸ்வாமிக்குத் தெரியாது. விருந்தாளியை நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டு நாம் ஜாடையில் பேசிக்கொள்வது முறையா? முறையில்லை. ஆகவே உடைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஐயா, எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்போம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை அறிந்தவர் யாராவது இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார். இருபத்தாறு வருஷமாய் நான் இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் குழந்தை அழுதிருக்கிறது, பெரியவர்கள் இருமியிருக்கிறார்கள். தடை என்று ஒருவரும் எழுந்ததில்லை.

போன ஞாயிறு ஒருவன் எழுந்தான். நம் எட்மண்ட் மகள் டோரிசுக்கு இரண்டாம் ஓலை வாசித்தபோது, ‘தடை உண்டு!’ என்று ஒருவன் சத்தம் போட்டான். அந்தச் சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. அந்த ஒருவன் யார்? வேறு யார்! உங்கள் முன்னால் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறானே, இந்தச் சிலாஸ்தான்.

தடையை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது ரூல். நாளை மூன்றாம் ஓலைக்கு முன்னால் நான் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் ஓலை நிற்கும். ஓலை நின்றால் திங்கட்கிழமைக் கல்யாணம் நிற்கும். புதன்கிழமை சாம்பல் புதன். அதற்குப் பிறகு லெந்து, நாற்பது நாள் நோன்பு, கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர். பதினைந்தாம் தேதி கப்பல் ஏறினால் அடுத்த வருஷம்தான் இறங்குவார். ‘தடையாமே, என்ன தடை?’ என்று மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு தந்தி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு வருஷம் காத்திருப்பார்களா? நம்ம ஊர் ஜனத்தைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்!

இப்போது விருந்தாளிக்கும் புரிந்துவிட்டது. நீங்கள் எல்லாரும் சமோசாவுக்காக வரவில்லை. சிலாஸ் பேப்பரைக் கொடுப்பானா, கொடுக்கமாட்டானா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். பாருங்கள். ஆனால் ஐயர் கொடுத்த தலைப்பை நான் முதலில் பேசியே தீருவேன். திங்கட்கிழமை முதல் ஐந்து நாள் வேதத்தைப் புரட்டியிருக்கிறேன், சும்மா விடுவேனா?

முள் எப்போது வந்தது? ஆதியிலே வந்தது. ஆதாம் தப்பு செய்தான். அடி யார்மேல் விழுந்தது? நிலத்தின்மேல் விழுந்தது. உன்னிமித்தம் இந்தப் பூமி முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்றார் கர்த்தர். கவனியுங்கள், பெரியோர்களே! பழத்தைத் தின்றது நிலமா? பாம்போடு பேசியது நிலமா? ஓடி ஒளிந்தது நிலமா? தின்றவன் ஒருவன், முள் சுமந்தது இன்னொன்று. வேதத்தின் முதல் முள்ளே இப்படித்தான் முளைத்திருக்கிறது.

ஆனால் அந்த முள்ளைக் கர்த்தர் வெறுத்தாரா? இல்லை! மோசேயோடு பேச வேண்டும் என்று வந்தபோது எந்த மரத்தில் இறங்கினார்? லீபனோனின் கேதுரு இருந்தது. ஈச்ச மரம் இருந்தது. ஒலிவ மரம் இருந்தது. அத்தனையும் இருக்க, ஆடுகூட அண்ட யோசிக்கிற முட்செடியில் இறங்கினார்! செடி எரிந்தது, ஆனால் வேகவில்லை. செருப்பைக் கழற்று, இது பரிசுத்த பூமி என்றார். நன்றாய் யோசியுங்கள், முட்செடியின் பக்கத்தில் நின்றுகொண்டு செருப்பைக் கழற்று என்கிறார்! எங்கள் பாலாநகர் ரோட்டில் அப்படிச் சொன்னால் எவனும் கழற்ற மாட்டான். டயரே தாங்காத ரோடு அது.

உடன்படிக்கைப் பெட்டி எந்த மரம்? சீத்திம் மரம். அந்த வனாந்தரத்துச் சீத்திம் நம் கருவேல மரத்துக்குப் பங்காளி என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். உடம்பெல்லாம் முள். அந்த முள்மரத்தை இழைத்து, பொன்தகட்டால் மூடி, அதற்குள்ளே கற்பனைகளை, அந்தப் பத்துக் கட்டளைகளை வைத்தார்கள். முன்னால் நாராயணஸ்வாமி தலையாட்டுகிறார். ‘எங்களுக்கும் வன்னி மரம் உண்டய்யா, அதிலும் முள் உண்டு’ என்கிறார். இருக்கட்டும், இருக்கட்டும்! முள்ளில்லாத மார்க்கம் எங்கே இருக்கிறது?

யோதாம் சொன்ன கதை தெரியுமா? மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின. ஒலிவ மரத்தைக் கேட்டன. எனக்கு எண்ணெய் கொடுக்கிற வேலை இருக்கிறது, போங்கள் என்றது. அத்தி மரம் எனக்குப் பழம் கொடுக்கிற வேலை என்றது. திராட்சச் செடியும் மறுத்தது. கடைசியில் முட்செடியைக் கேட்டன. முட்செடிக்கு வேலை ஏது? உடனே சம்மதித்தது! சம்மதித்ததோடு விட்டதா? வாருங்கள், எல்லாரும் என் நிழலில் ஒதுங்குங்கள், ஒதுங்காவிட்டால் என்னிலிருந்து நெருப்பு கிளம்பிக் கேதுருக்களைச் சுட்டெரிக்கும் என்றது. முட்செடிக்கு நிழல்! கேதுருவுக்கு மிரட்டல்!

எழுபத்தெட்டில் எங்கள் தொழிற்சாலையில் யூனியன் செயலாளர் தேர்தல் வந்தது. பாலாநகரில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் திங்கட்கிழமை ஷோகாஸ் நோட்டீஸ் வரும். நல்ல டர்னர் ஒருவரைக் கேட்டார்கள். வேலை இருக்கிறது என்றார். நல்ல வெல்டர் ஒருவரைக் கேட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். பிறகு சிலாசைக் கேட்டார்கள். சிலாஸ் என்ன சொன்னான்? ‘நான் நிக்கேன்!’ என்றான். என்னம்மா யூனிஸ், சிரிக்கிறாய்? தாய்மார்கள் வரிசையில் முதலில் சிரிப்பது என் மனைவிதான், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி. எழுபத்தொன்பதுக்கு வருவோம். முப்பத்தாறு பையன்கள் எங்களிடம் தற்காலிக வேலையில் இருந்தார்கள். ஆறு வருஷம் வேலை பார்த்தும் நிரந்தரம் கிடையாது. அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தோம். எனக்காக அல்ல, என் சம்பளத்துக்காக அல்ல, அந்த முப்பத்தாறு பேருக்காக. நம் ரூஃபசின் தம்பி அதில் ஒருவன். நாற்பத்தொரு நாள்! முதல் வாரத்திலேயே திறந்தவெளியில் கிடந்த சீமைக்கருவேலை வெட்டி இழுத்து வந்து, கேட்டுக்கு முன்னால் ரோட்டை அடைத்துப் போட்டோம். ஒரு சைக்கிள் நுழைய முடியாது. வெட்டினது யார்? நான். இழுத்தது யார்? நான். என் உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அந்த முள்ளுக்கு நான் வருந்துகிறேனா? வருந்தவில்லை! இந்த மேடையில், இந்தச் சிலுவைக்குக் கீழே நின்று சொல்கிறேன், வருந்தவில்லை. அது வேலி. திராட்சத் தோட்டத்தைச் சுற்றி வேலியடைக்கச் சொல்லியிருக்கிறது வேதம். எளியவன் பங்கைக் காப்பாற்றப் போட்ட முள் பரிசுத்தமான முள். நாளைக்கே அப்படி ஒரு நிலை வந்தால் நாளைக்கும் அரிவாளை எடுப்பேன்.

இருபத்தெட்டாம் நாள் காலை எட்மண்ட் வந்தார். நம் எட்மண்ட்தான், அதோ கடைசி வரிசையில், ஷாமியானாக் காலில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். உட்காரும் எட்மண்ட், பேச்சு இன்னும் இருக்கிறது. உட்கார மாட்டீரா? சரி, நில்லும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். எங்கள் நூறு பேருக்கும் நடுவே, முள்ளின்மேல் நடந்து உள்ளே போனார். ரப்பர் செருப்பு. சாயங்காலம் திரும்பி வந்தபோது இடதுகாலை ஊன்ற முடியவில்லை. மறுநாள் ஒன்பது பேர் உள்ளே போனார்கள். அதற்கு மறுநாள் முப்பது பேர். நாற்பத்தொன்றாம் நாள் நாங்கள் கேட்டைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனோம். முப்பத்தாறு பையன்களுக்கு வேலை போனது போனதுதான்.

எட்மண்ட் செய்தது தப்பு. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஐந்து வருஷமாய் அவரும் நானும் பேசவில்லை. ஒரே கோயில், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து, ஆனால் அவர் இந்த ஓரம் முழங்கால் போட்டால் நான் அந்த ஓரம். ஐயர் இரண்டு ஓரத்துக்கும் நடந்தே களைத்துப்போனார்.

யாரோ அங்கே ‘முள்ளை முள்ளால்தான் எடுக்கணும்’ என்கிறீர்கள். உண்மை! நானும் அதைத்தான் நினைத்தேன். போன ஞாயிறு எழுந்தபோது அந்தப் பழமொழிதான் என் வாயில் இருந்தது. ஆனால் ஐயா, முள்ளை முள்ளால் எடுத்தபின் என்ன செய்வீர்கள்? இரண்டையும் சேர்த்துத் தூர எறிவீர்கள். எடுத்த முள்ளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எவன் கால் கிடைக்கும் என்று ஊர் சுற்றுவீர்களா? நான் சுற்றினேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என் முதுகைத் தட்டினீர்களே, எத்தனை பேர்! ‘சபாஷ் அண்ணாச்சி, அவனுக்கு இப்பதான் சுருக்குன்னு குத்தும்’ என்றீர்களே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யூனிஸ் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் ணங்கென்று போட்டாள். என்ன என்றேன். ‘முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும், சேதம் சேலைக்குத்தான். உமக்கு இது தெரியாதாக்கும்?’ என்றாள். ‘நான் எட்மண்டைச் சொன்னேன்’ என்றேன். ‘ஓலையிலே எட்மண்ட் கல்யாணமா வாசிச்சாவ?’ என்றாள். தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் அன்றைக்கு நான் அசையவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். எனக்குப் பிடிவாதம் உண்டு, அது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். தடையை டைப் அடித்து இரண்டு பிரதி கொடுக்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் ஆபீஸ் அறைக்குப் போனேன். மிஷின் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறது? டோரிஸ்! பேகம்பேட்டில் ஆபீஸ் வேலை முடித்து, பஸ் பிடித்து வந்து, இந்த விழா நிகழ்ச்சி நிரலை அடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கையில் இருக்கிறதே, அதுதான். ஏழு வருஷமாய் நம் சபையின் ஒவ்வொரு நோட்டீசையும், ஒவ்வொரு மரண அறிவிப்பையும், ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நான சர்டிபிகேட்டையும் கூலியில்லாமல் அடித்தது அந்தப் பெண்தான். டைப் அடிக்கப் போகிறோமே, யார் அடிப்பார்கள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது?

‘வாங்க மாமா, என்ன அடிக்கணும்?’ என்றது.

‘ஒண்ணுமில்லம்மா, பிறகு வாரேன்.’

‘நக்கோ, வேண்டாம் மாமா, உக்காருங்க. இன்னைக்கு விட்டா ஆபீஸ்ல இயர் எண்டிங் வேலை, நான் வர மாட்டேன். ஐயர் சொன்னாரு, ரெண்டு காப்பின்னு.’

தாள் வைத்தது. கார்பன் வைத்தது. இன்னொரு தாள் வைத்துத் தட்டிச் சமன் செய்தது. ஐயருக்கு விலாசம் அடித்தது. மணப்பெண் பெயர் என்ற இடம் வந்தது. என்னைக் கேட்கவில்லை. தானே அடித்தது, டோரிஸ் எட்மண்ட் என்று. பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தது.

‘காரணம் என்ன போடட்டும் மாமா?’

நான் மேஜையிலிருந்த கார்பன் டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன். நாற்பத்தொரு நாள் கேட்டில் நின்று மைக்கில்லாமல் பேசிய வாய் இது.

‘ரூல்ல மூணுதான் மாமா இருக்கு. ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும். இல்லன்னா நெருங்கின ரத்த உறவு. இல்லன்னா வயசு பத்தாது. இதுல எது?’

‘மூணும் இல்ல.’

‘அப்போ?’

‘உங்க அப்பா ஸ்டிரைக்குல வேலைக்குப் போனாரு.’

‘சரி’ என்றது. அழவில்லை, கோபப்படவில்லை. சொன்னபடியே அடித்தது. தாளை உருவிக் கொடுத்து, ‘சைன் இங்க மாமா, தேதி நீங்களே போட்டுக்குங்க’ என்றது. மிஷினுக்கு உறை போட்டுக்கொண்டே, ‘ஏன் போனீங்கன்னு எங்கப்பாகிட்ட நான் கேட்டதே இல்ல. நீங்க கேட்டீங்களா மாமா?’ என்றது.

‘இல்ல’ என்றேன்.

‘ஹவ், சரி’ என்றது. விளக்கை அணைத்தது. இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

அருமைப் பெரியோர்களே! அந்தத் தாள் இதோ. வாசிக்கட்டுமா? ‘காரணம்: மணமகளின் தகப்பன், 1979ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குச் சென்றார்.’ இவ்வளவுதான். போன ஞாயிறு என் வாயிலிருந்து வந்தபோது அது இடிமுழக்கமாய் இருந்தது. தாளில் பார்த்தால் ஒன்றரை வரி. வீட்டுக்குப் போய் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாய் இருந்தது. சொல்கிறேன் கேளுங்கள், ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வெட்கமாய் இருந்தது.

அதன் பிறகுதான் வேதத்தைத் திறந்து, நான் வேண்டுமென்றே தாண்டித் தாண்டிப் போன முள்ளிடத்துக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியும் அது எந்த முள் என்று. லெந்து வருகிறது, நாற்பது நாளும் அதைத்தான் பாடப்போகிறோம்.

முள்ளை முளைப்பித்தது யார்? பூமி! முட்செடியில் எரிந்தது யார்? கர்த்தர்! முள்மரத்தில் பெட்டி செய்யச் சொன்னது யார்? அவரே! வேதம் முழுவதும் முள் செடியில் இருக்கிறது, மரத்தில் இருக்கிறது, வேலியில் இருக்கிறது, தன் பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், மனுஷன் கை முள்ளைத் தொட்டு, வளைத்து, முடியாகப் பின்னி, குற்றமற்ற ஒரு தலையில் வைக்கிறது! எந்தச் செடியாவது தானாக முடியாய் வளைந்ததா? எந்த முள்ளாவது தானாக நெற்றியில் ஏறியதா? இல்லை! அதற்கு ஒரு கை வேண்டியிருந்தது!

அந்தக் கை யாருடையது? பிலாத்துவின் கையா? அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். பிரதான ஆசாரியன் காய்பாவின் கையா? அவன் அங்கே இல்லை. காவல் சேவகர்களின் கை! அந்தச் சேவகர்களுக்கு அவர்மேல் என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. அவர் யாரென்றுகூட அவர்களுக்குத் தெரியாது. யூதரை அவர்களுக்குப் பிடிக்காது. யாரோ ஒரு யூதன்மேல் இருந்த ஆத்திரத்தைக் கையில் கிடைத்த யூதன் தலையில் வைத்துத் தீர்த்தார்கள். தீர்த்துவிட்டு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருப்பார்கள். சபாஷ் என்றும் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கையைப் பாருங்கள்! கேட்டில் வேலி போட்ட கை இதுதான். அதற்கு வெட்கமில்லை. ஆனால் போன ஞாயிறு முள்முடி பின்னிய கையும் இதுதான். எட்மண்ட் தலையில் வைக்கிறேன் என்று நினைத்தேன். வெள்ளைப் புடவை எடுத்து வைத்திருக்கிற ஒரு பெண்ணின் தலையில் வைத்தேன்.

என்ன ரூஃபஸ்? எழுந்துவிட்டாய், சொல்லு. மைக் வேண்டாம், எனக்குக் கேட்கிறது. ‘என் தம்பி வேலை திரும்பி வருமா’ என்கிறாய். நல்ல கேள்வி. இந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான், அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. வராது, ரூஃபஸ். நான் எழுதாத மனு இல்லை. டில்லி வரைக்கும் எழுதினேன். வராது. நானும் ஒன்று கேட்கிறேன், நீ பதில் சொல்லு. டோரிஸ் கல்யாணம் நின்றால் வருமா?

அதனாலும் வராது. பவுல் அப்போஸ்தலனுக்கு மாம்சத்திலே ஒரு முள் இருந்தது. மூன்று தரம் வேண்டிக்கொண்டான், எடுபடவில்லை. அவனுக்கே எடுபடவில்லை என்றால், நமக்கு இது எடுபடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். அது உன் உடம்பிலும் இருக்கும், என் உடம்பிலும் இருக்கும். நம் உடம்போடு இருக்கட்டும் தம்பி. இன்னொருத்தர் பிள்ளைக்கு அதை ஓலையில் வைத்துக் கொடுக்க வேண்டாம். உட்கார். உட்காரப்பா. உன் தம்பிக்காக நாம் எல்லாரும் இன்னும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அவன் கப்பலில் போகவில்லை, நிலாவுக்குப் போகவில்லை, இதே சிகந்திராபாத்தில் தினக்கூலியாய் நிற்கிறான். ஐந்து வருஷமாய் எட்மண்டைத் திட்டின நேரத்தில் பாதி நேரம் அவனுக்கு வேலை தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அந்தத் தப்பும் என்மேல்தான்.

அவைத்தலைவர் ஐயரவர்களே! சபை முன்னால் சொன்னதைச் சபை முன்னால்தான் எடுக்க வேண்டும், இருட்டறையில் எடுத்தால் செல்லாது. ஆகவே, கர்த்தருடைய சந்நிதியிலும் இந்த ஜனத்தின் முன்னிலையிலும் சொல்கிறேன். டோரிஸ் எட்மண்டின் விவாகத்துக்கு நான் சொன்ன தடையை எடுத்துவிட்டேன். அதற்குக் காரணம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் எழுந்து நின்றது தப்பு. பாளையங்கோட்டைக்குத் தந்தி இன்று மத்தியானமே கொடுத்துவிட்டேன், என் பெயரில். ‘தடை இல்லை, தடை சொன்னவன் மூடன், புறப்பட்டு வரவும், சிலாஸ்.’ தபாலாபீஸ் பெண்மணி ‘மூடன்’ என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். போன வாரம் என் முதுகில் தட்டின அதே கைகள்தானே இவை? நாளைக் காலை மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, ஐயர் ஒரு மூச்சு நேரம் நிற்பாரே, அப்போது எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அது போதும்.

டோரிஸ், நீ எங்கேம்மா இருக்கிறாய்? தாய்மார்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாயா? நிமிர்ந்து உட்கார். குனிய வேண்டியவன் நான்.

எட்மண்ட், உம்மிடம் ஒன்று. நீர் வேலைக்குப் போனது தப்பு என்று நான் நினைப்பதை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொண்டதாய் நடிக்கவும் மாட்டேன். ஆனால் ஏன் போனீர் என்று ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட உம்மைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னேனே, அது அதைவிடப் பெரிய தப்பு. என்றைக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லும், கேட்கிறேன். தோன்றாவிட்டால் விட்டுவிடும். என்னை மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அது உம்முடைய விஷயம்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், சிரித்த தாய்மார்க்கும், சிரிக்காத ரூஃபசுக்கும், தலைப்பை மாற்றிய ஐயருக்கும், என் வீட்டிலே ரசத்தோடு வேதத்தையும் ஊற்றிய யூனிசுக்கும், விருந்தாளியாய் வந்து எங்கள் வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்ட நாராயணஸ்வாமிக்கும், என் குரலைக் கடைசிவரை அடக்கப் பார்த்துத் தோற்ற எல்லய்யா காருவுக்கும் என் உளமார்ந்த நன்றி.

கல்யாணம் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. எட்மண்ட் எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அவர் வைக்காதது நியாயம். ஆனாலும் நாலு மணிக்கு நான் கோயில் கேட்டுக்கு வெளியே நிற்பேன். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வழி தெரியாது, யாராவது நின்று காட்ட வேண்டும். உள்ளே கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் கடைசி ஆள் உள்ளே போகும்வரை வழி காட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.